வில்லையும் பதக்கமும் சொல்லும் படைப்பிரிவு

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பட்டாளத்தார் வீடு என்று இன்றும் அழைக்கப்படும் குடும்பங்களின் தகரப்பெட்டிகளில், இரண்டு உலகப்போர்களின் சான்றுகளாகச் சிறு வில்லைகளும் பதக்கங்களும் மடித்து வைத்த காகிதங்களும் இருக்கக்கூடும். அவற்றைக் கொண்டு, அவற்றுக்கு உரியவர் எந்தப் படைப்பிரிவில் பணியாற்றினார் என்பதைக் கண்டறியும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது. படைப்பிரிவு தெரிந்தால்தான் அவர் எந்தப் போர்முனைக்குப் போனார், எந்த ஆண்டுகளில் அங்கிருந்தார், அவரது பதிவேடு இப்போது எந்த ஊரில் இருக்கக்கூடும் என்ற அடுத்தடுத்த கேள்விகளுக்கு வழி பிறக்கும் என்பதால், குடும்ப வரலாற்றைத் தொகுக்க முனைவோர் முதலில் இதிலேயே நேரம் செலவிட வேண்டும்.

அடையாள வில்லை என்பது போர்க்களத்தில் இறந்தவரையோ காயம்பட்டவரையோ இன்னார் என்று அறிவதற்காகப் படைவீரர் உடலோடு சேர்த்து அணிந்த சிறு தகடு ஆகும். கழுத்தில் தொங்கியதால் இதை வீடுகளில் டாலர் என்று சொல்வதும் உண்டு. பதக்கம் இதற்கு வேறானது. அது பணி முடிந்த பின்னரோ போர் முடிந்த பின்னரோ அரசு வழங்கிய சிறப்பு அடையாளம். வில்லை எழுதப்பட்டது உயிர் போனால் பயன்படுவதற்காக. பதக்கம் எழுதப்பட்டது உயிரோடு திரும்பியவர் அணிவதற்காகவோ, திரும்பாதவரின் குடும்பம் வைத்துக்கொள்வதற்காகவோ. இந்த வேறுபாட்டினால் இரண்டிலும் பொறிக்கப்பட்ட செய்திகளும் வேறுபடுகின்றன.

வில்லையையோ பதக்கத்தையோ கையில் எடுத்தவுடன் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கும் பழக்கத்தில் இவற்றையும் பளபளக்கத் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு நடக்கும் பெரிய சேதம். ஆழமில்லாமல் பொறிக்கப்பட்ட எழுத்துகள் ஒவ்வொரு துலக்கலிலும் தேய்கின்றன. ஆயுத பூசைக்கு ஆண்டுதோறும் துலக்கப்பட்ட பதக்கத்தில் பெயர் அடியோடு மறைந்துபோவதும் உண்டு. உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் நீக்கிவிட்டு, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், நேரொளியில் தெரியாத பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும். மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் உரசி எடுக்கும் படியும் பயன் தரும். இரு பக்கங்களையும், பதக்கமானால் விளிம்பின் முழுச் சுற்றையும் படமெடுத்த பின்னரே படிக்கத் தொடங்குவது முறை.

இந்தியப் படையினரின் வில்லைகளைப் பொறுத்தவரை, அவர்கள் பிரித்தானியப் படையின் முறையையே பின்பற்றியதால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை பெரும்பாலும் உலோகம் அல்ல. அழுத்திக் கெட்டிப்படுத்திய நாரட்டையால் ஆனவை. பச்சை நிறத்தில் எட்டுமூலை வடிவில் ஒன்றும், சிவப்பு நிறத்தில் வட்டமாக ஒன்றுமாக இரண்டு வில்லைகளை வீரர் கயிற்றில் கோத்து அணிந்தார். இறந்தவரின் உடலோடு பச்சை வில்லை இருக்க, சிவப்பு வில்லை கழற்றப்பட்டுப் பதிவுக்காக அனுப்பப்படும் என்பதே 1916 முதல் வந்த ஏற்பாடு. ஆகவே ஒரு வீட்டில் இரண்டு வில்லைகளும் சேர்ந்து இருக்குமானால் அவற்றை அணிந்தவர் உயிரோடு திரும்பினார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்த நாரட்டை ஈரத்தில் உப்பும், கறையான் அரிக்கும். இவ்வகை வில்லைகளைத் தண்ணீரில் நனைத்துக் கழுவக் கூடாது.

இவ்வில்லைகளில் பொறிக்கப்பட்டவை பொதுவாக வீரரின் படை எண், பெயர், இறுதிச் சடங்கை முறைப்படி செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட மதக்குறி ஆகியவையே. படைப்பிரிவின் பெயர் முதல் உலகப்போர் கால வில்லைகளில் இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் பகைவர் கையில் சிக்கினால் எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது வெளிப்பட்டுவிடும் என்பதால் அது பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. எனவே இரண்டாம் உலகப்போர்க் கால இந்திய வில்லை ஆளைச் சொல்லிப் படைப்பிரிவை மறைக்கிறது. எண்ணை மட்டும் வைத்துப் படைப்பிரிவைத் தீர்மானிக்க முனைவதும் பிழையில் முடியும்; முதல் உலகப்போரின்போது ஒவ்வொரு படைப்பிரிவும் தன் வீரர்களுக்குத் தானே எண் கொடுத்ததால், ஒரே எண் வெவ்வேறு ரெஜிமெண்டுகளில் வெவ்வேறு ஆட்களைக் குறித்தது. வில்லை மறைப்பதை எடுத்துக்கொடுப்பது பதக்கமே.

முதல் உலகப்போருக்காக வழங்கப்பட்ட பதக்கங்களில் மூன்றைத் தேனிப் பகுதி வீடுகளில் எதிர்பார்க்கலாம். குறுக்கிட்ட வாள்கள் கொண்ட வெண்கல நட்சத்திரமான 1914-15 நட்சத்திரத்தின் பெயர்ப் பொறிப்பு பின்பக்கத்தில் இருக்கும். வெள்ளியாலான பிரித்தானியப் போர்ப் பதக்கத்திலும், வெண்கலத்தாலான வெற்றிப் பதக்கத்திலும் பொறிப்பு விளிம்பில் ஓடும். பிரித்தானியப் போர்ப் பதக்கம் வெள்ளி என்பதால் பஞ்ச காலத்தில் அடகுக்கடைக்குப் போவதற்கும் உருக்கப்படுவதற்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு வீட்டில் வெற்றிப் பதக்கம் மட்டும் தனியே இருந்தால், இணைப்பதக்கம் அவ்வாறு போயிருக்கலாம் என்று கொள்வது பொருத்தம். அதே போர்ப் பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தால், அது தொழிலாளர் படை போன்ற பிரிவுகளில் பணியாற்றியவருக்கு வழங்கப்பட்டது என்று அறியலாம். துப்பாக்கி ஏந்தாமல் மூட்டை சுமந்தும் பாதை அமைத்தும் போரை நடத்திக் கொடுத்தவர்களின் உழைப்புக்குக் குடும்பத்தில் எஞ்சும் சான்று சில இடங்களில் இது ஒன்றே என்பதால், வெண்கலம் தானே என்று அதைக் குறைத்து மதிப்பது அநியாயம்.

விளிம்பில் இருப்பது எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்ற வரிசையில் அமையும். பதவிச் சொல்லே முதல் தடயம். சிப்பாய் என்றால் காலாட்படை அல்லது பயனீர் படை. சாப்பர் என்றால் பாலம் கட்டியும் சுரங்கம் தோண்டியும் கண்ணிவெடி அகற்றியும் பணியாற்றும் பொறியாளர் படை. டிரைவர் என்றால் போக்குவரத்துப் பிரிவோ பீரங்கிப் படையோ. நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகியவை ஏறுவரிசையில் அமைந்த பதவிகள். பயனீர் படை என்பது போர்ப் பயிற்சி பெற்றிருந்தும் பாதை அமைத்தல், அரண் கட்டுதல் ஆகியவற்றைத் தலையாய பணியாகக் கொண்ட காலாட்படையாகும். 61, 64, 81 என்ற எண்களைக் கொண்ட பயனீர் படைகள் சென்னை மாகாணத்துக்கு உரியவை. 61ஆம் பயனீர் படையும் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தைத் தாக்கிய படையில் இருந்தன. ஆகவே இந்த இரண்டு பெயர்களில் ஒன்று விளிம்பில் இருந்தால், குடும்பத்தார் பாட்டனார் ஆப்பிரிக்கா போனதாகச் சொல்லும் செய்தியை வெறும் பழங்கதையாகத் தள்ளிவிடக் கூடாது.

காலாட்படையில் 73, 75, 79, 80, 86 என்ற எண்களுக்குப் பின்னால் கர்நாடிக் என்ற சொல் வரும். இது இன்றைய கர்நாடக மாநிலத்தைக் குறிப்பதன்று. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வழங்கிய பெயர். இதை அறியாமல் தங்கள் முன்னோர் மைசூர்ப் படையில் இருந்தார் என்று எழுதிவைப்போர் திருத்திக்கொள்ள வேண்டும். 83ஆம் எண் வாலாஜாபாத் இலகு காலாட்படை. 2 க்யூ.வி.ஓ. எஸ். அண்டு எம். என்ற எழுத்துகள் விக்டோரியா அரசியின் சொந்த 2ஆம் சாப்பர் மற்றும் மைனர் படையை, அதாவது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்களைக் குறிக்கும். இங்கே முன்னால் நிற்கும் இலக்கத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1 என்றால் வங்காளப் பிரிவு, 3 என்றால் பம்பாய்ப் பிரிவு. மதராஸ் சாப்பர்களுக்குப் படையில் தம்பிகள் என்ற செல்லப்பெயர் இன்றும் வழங்குகிறது.

காலத்தைக் கவனிக்காமல் பெயரை மட்டும் ஒப்பிடுவோர் இடறும் இடம் 1922ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு. அதுவரை தனித்தனி எண்ணோடு இருந்த கர்நாடிக் படைகள் பலவும் வாலாஜாபாத் படையும் 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களாயின. மூன்று பயனீர் படைகளும் 1ஆம் மதராஸ் பயனீர்ஸ் ஆயின. பட்டாலியன் என்பது ரெஜிமெண்டின் கீழ் சில நூறு வீரர்களைக் கொண்டு தனித்து இயங்கும் அலகு. சிக்கன நடவடிக்கையாலும், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்று அன்றைய ஆட்சியாளர் கொண்டிருந்த தவறான கருத்தாலும் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் 1920களிலேயே ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பயனீர்கள் 1933இல் கலைக்கப்பட்டனர். இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவை பெருகிய பிறகே மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டது. எனவே 1930களின் நடுவில் பணியில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒருவர் மதராஸ் காலாட்படையில் இருந்தார் என்று குடும்பத்தார் சொன்னால், அவர் மதராஸ் சாப்பர் படையிலோ வேறு துணைப் பிரிவிலோ இருந்திருக்கக்கூடும் என்று முதலில் ஐயுற வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின் பதக்கங்களில் ஆறுமுனை கொண்ட நட்சத்திரங்கள் போர்முனையைச் சொல்கின்றன. பர்மா நட்சத்திரம் பர்மா முனையையும், ஆப்பிரிக்க நட்சத்திரம் வட ஆப்பிரிக்காவையும், இத்தாலி நட்சத்திரம் இத்தாலியையும் முதன்மையாகக் குறிக்கும். 1939-45 நட்சத்திரம் போர்முனைப் பணி என்பதை மட்டும் சொல்லும். இந்தியப் பணிப் பதக்கம், கடல் கடக்காமல் மூன்றாண்டு நாட்டுக்குள்ளேயே பணியாற்றியவர்க்கும் கிடைத்தது. இவற்றில் இந்தியப் படையினர் பெயர் பொறிக்கப்பட்டவையும் உண்டு, வெறுமையாக இருப்பவையும் உண்டு. வெறுமையாக இருந்தால், அதே பெட்டியில் 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைப் பதக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்க்கு வழங்கப்பட்ட அப்பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பிரிவும் இருப்பதால், பர்மா நட்சத்திரம் சொல்லாத படைப்பிரிவை விடுதலைப் பதக்கம் சொல்லிவிடும்.

பர்மா முனையிலிருந்து திரும்பியவரின் பெட்டியில் மேற்சொன்ன எதனோடும் பொருந்தாத நீள்வட்டப் பித்தளைத் தகடு ஒன்று இருக்குமானால், அது ஜப்பானியப் படைவீரரின் அடையாள வில்லையா என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்ட அத்தகட்டின் இரு முனைகளிலும் நாடா கோப்பதற்கான சிறு துளைகள் இருக்கும். எழுத்துகள் மேலிருந்து கீழாகச் செல்லும். சாதாரணச் சிப்பாயின் வில்லையில் அவர் பெயர் இருக்காது. முதலில் படைப்பிரிவின் எண்ணும், அடுத்து, பட்டாலியனின் உட்பிரிவான கம்பெனியின் எண்ணும், இறுதியில் வரிசை எண் என்று பொருள்படும் ஓர் எழுத்துக்குப் பின்னால் அவருக்குரிய தனி எண்ணும் இருக்கும். அதிகாரிகளின் வில்லையில் மட்டும் பதவியும் பெயரும் உண்டு. இந்திய வில்லைக்கு நேர்மாறாக, ஜப்பானிய வில்லை படைப்பிரிவைச் சொல்லி ஆளை மறைக்கிறது.

இந்த எழுத்துகளைப் படிக்க ஜப்பானிய மொழி முழுதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணெழுத்துகளை அறிந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே அத்தனை கிடைக்கோடுகள். நான்கு, பெட்டிக்குள் இரண்டு கால்கள் தொங்குவது போன்றது. எட்டு, கூரையின் இரு சரிவுகளைப் பிரித்து வைத்தது போன்றது. ஆறு, அந்தச் சரிவுகளின் மேல் ஒரு கிடைக்கோடும் உச்சியில் ஒரு புள்ளியும் வைத்தது. பத்து, கூட்டல் குறி. ஐந்தும் ஏழும் ஒன்பதும் வளைவும் கொக்கியும் கொண்டவை என்பதால் தேய்ந்த தகட்டில் ஒன்றையொன்று மயக்கும். இவற்றை மட்டும் அச்சிட்ட எண்ணெழுத்துப் பட்டியலோடு வைத்து ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

எண்ணைப் படித்த பின், அது எவ்வகை எண் என்று தீர்மானிப்பது அடுத்த படி. முற்காலத்து வில்லைகளில் படைத்துறையைக் குறிக்கும் ஓர் எழுத்தும் ரெஜிமெண்டின் உண்மையான எண்ணும் நேராகவே இருக்கும். பொறியாளர் படையின் எழுத்து, மேலும் கீழும் கிடைக்கோடு இட்டு நடுவே ஒரு செங்குத்துக் கோட்டால் இணைத்த வடிவம். மலை என்னும் பொருளுடைய எழுத்து, மூன்று முனைகளும் மேல்நோக்கி நிற்கும் சூலத்தின் வடிவம், அது மலைப் பீரங்கிப் படையின் பெயரில் வரும். போர் நீண்டபோது உண்மை எண்ணுக்குப் பதிலாக நான்கைந்து இலக்கங்கள் கொண்ட மறைவெண்கள் பயனுக்கு வந்தன. அவ்வெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ரெஜிமெண்ட் எது என்று சொல்ல இயலாது. போர்க்காலத்தில் நேசநாடுகளின் உளவுப் பிரிவுகள் தொகுத்த பட்டியல்களிலோ, ஜப்பானிய ஆவணக் காப்பகங்களில் உள்ள மறைவெண் அட்டவணைகளிலோ அதைத் தேட வேண்டும்.

மறைவெண்ணோடு, ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு மறைபெயரும் இருந்தது. டிவிஷன் என்பது பல ரெஜிமெண்டுகளை உள்ளடக்கிய பெரும்படை. 1944இல் இம்பாலையும் கோகிமாவையும் நோக்கி வந்த மூன்று டிவிஷன்களில், 15ஆவது திருவிழா என்று பொருள்படும் மத்சுரி என்றும், 31ஆவது உக்கிரம் என்று பொருள்படும் ரெத்சு என்றும், 33ஆவது வில் என்று பொருள்படும் யுமி என்றும் அழைக்கப்பட்டன. கோகிமாவை முற்றுகையிட்டது 31ஆவது. அதன் காலாட்படை ரெஜிமெண்டுகள் 58, 124, 138. பதினைந்தாவதில் 51, 60, 67. முப்பத்து மூன்றாவதில் 213, 214, 215. வட பர்மாவில் போரிட்ட 18ஆவது டிவிஷனின் மறைபெயர் சாமந்தி என்னும் பொருளுடைய கிகு. அதன் ரெஜிமெண்டுகள் 55, 56, 114. மறைவெண்ணைப் பட்டியலில் தேடி இவற்றுள் ஒன்றில் வந்து நின்றால், வில்லை எடுக்கப்பட்ட போர்முனை எது என்பது ஓரளவு தெளிந்து, அதைக் கொண்டுவந்தவர் அப்போது எங்கிருந்தார் என்பதற்கும் அதுவே துணைச்சான்றாகும்.

இவ்வகை வில்லைகள் சந்தையில் விலைபோவதால் போலிகளும் மிகுதி. குடும்பத்தில் வழிவழியாக வந்த பொருள், கடையிலோ இணையத்திலோ வாங்கிய பொருள் என்ற வேறுபாட்டைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவைக்க வேண்டும். உண்மையான வில்லை என்று தோன்றினால், அதை விற்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்ப்பது கடமை. 1945 ஆகஸ்டில் சரணடைவுக்கு முன்னும் பின்னும் ஜப்பானியப் படையின் ஆவணங்கள் ஏராளமாக எரிக்கப்பட்டன. தனி எண்ணைப் பெயரோடு இணைக்கும் பட்டியல்களும் பல அவற்றோடு அழிந்தன. ஆனாலும் பெயரறியாத அந்த வீரரும் ஒரு வீட்டுப் பிள்ளையே. போரில் இறந்தோரின் எச்சங்களையும் உடைமைகளையும் குடும்பங்களிடம் சேர்க்கும் பணியை ஜப்பானின் சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் மேற்கொண்டு வருகிறது. சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம் வழியாக அதற்கு எழுதலாம்.

இனி ஆவணங்களில் ஊர்ப்பெயரைத் தேடும்போது தேனிப் பகுதிக்கே உரிய சில தடைகள் உண்டு. தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தது. உலகப்போர்க் காலத்து ஏடுகளில் தேனி என்ற மாவட்டம் இல்லை, மதுரா என்று எழுதப்பட்ட மதுரை மாவட்டமே உண்டு. முதல் உலகப்போரின்போது கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பெரியகுளம் தாலுகாவில் அடங்கியிருந்ததால், சின்னமனூர்க்காரரும் கூடலூர்க்காரரும் பெரியகுளம் தாலுகாவினராகவே பதியப்பட்டிருப்பர். கம்பம் என்ற பெயர் இன்னும் பெரிய பொறி. அன்றைய சென்னை மாகாணத்திலேயே கர்நூல் மாவட்டத்திலும் ஒரு கம்பம் இருந்தது, அதன் ஆங்கில எழுத்துக்கோவையும் இதுவே. கூடலூரும் நீலகிரியில் ஒன்று உண்டு. மாவட்டப் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் கண்டு நம்மவர் என்று முடிவுசெய்வது, தெலுங்கு வீரர் ஒருவரின் நினைவைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மேல் ஏற்றிவிடும்.

ஆட்பெயரின் ஆங்கில எழுத்தும் எழுதிய குமாஸ்தாவைப் பொறுத்தே அமைந்தது. முத்தையா என்ற ஒரே பெயர் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுவோர் எல்லா எழுத்துக்கோவைகளையும் முயல வேண்டும். போரில் இறந்த இந்திய வீரர்களின் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் சேர்ந்தே இருப்பது, பெயர் எழுத்தில் வரும் குழப்பத்தைத் தீர்க்கும். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதோர் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பேருக்கு நடுவே உள்ளன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குக் கோகிமாவிலும் நினைவுச்சின்னம் உண்டு. உயிரோடு திரும்பி ஓய்வு பெற்றவரைப் பற்றிக் கேட்க, மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரிலும் உள்ள பதிவு அலுவலகங்களுக்கு எழுத வேண்டும். மனுவை எழுதும் முறையை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வில்லையின் எண்ணையும் பதக்கத்தின் பிரிவையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுவது தேடுபவரின் வேலையைப் பாதியாக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும் நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. பர்மா பட்டாளம், பஸ்ரா, ஆப்பிரிக்கா என்று பாட்டியோ பெரியப்பாவோ சொல்லும் ஒற்றைச் சொல்லை, அது தவறு என்று தோன்றினாலும், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவைத்து வில்லையோடு ஒரே உறையில் இடுங்கள்; வில்லையை மட்டும் தனியாகப் பிரித்து எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.